சீல் வைத்த வேகன்

பெங்களூர்: பார்சல் ஆபீசில் எங்களோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பி.எப். கடன் மனு எழுதித் தரும்படி என் மேஜைக்கு வந்தார். காரணம் என்று எதைப் போடுவது என்று கேட்டேன்.

"பையனுக்கு ஸ்டெம் செல் ஊசி போடணும் சார். போட்டால் ஆறே மாசத்தில் பேசிவிடுவானாம்" என்றார்.

பையனுக்கு வயது ஏழு. பேச்சு சரியாக வரவில்லை. முகத்தைப் பார்க்கமாட்டான், கைகளை உதறிக்கொண்டே இருப்பான். ரத்தப் பரிசோதனையில் 'ஃபிரஜைல் எக்ஸ்' என்று தெரிந்திருக்கிறது. ஊசி போடுவதாகச் சொன்னது ஒரு தனியார் கிளினிக். மனுவை நாளைக்கு எழுதுவோம் என்று சொல்லிவிட்டு, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

மூளை வளர்ச்சிக் குறைவு பரம்பரையாக வருவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று இந்த ஃபிரஜைல் எக்ஸ். ஏறத்தாழ 4000 முதல் 7000 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. இதற்குரிய ஜீன் 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் எப்.எம்.ஆர்.1. அதன் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து, பழைய டைப்ரைட்டரில் கட்டை சிக்கிக்கொண்டதுபோல், திரும்பத் திரும்ப வருகிறது. எல்லோருக்கும் இது சுமார் முப்பது தடவை இருக்கும். 200-ஐத் தாண்டினால்தான் வினை. செல் அந்த ஜீனின் மீது மெத்தில் என்ற ரசாயன முத்திரையைக் குத்தி மூடிவிடுகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் சீல் வைத்த வேகன். சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, இறக்கத்தான் ஆளில்லை. நரம்புச் செல்கள் சேருமிடங்களில் புரதத் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் மேஸ்திரிப் புரதம் அதனால் உண்டாவதில்லை.

முத்திரை எப்போது விழுகிறது? உயிருள்ள குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. எலியை வைத்துச் செய்த சோதனைகளில் ஜீனையே எடுத்துவிட்டார்கள். அங்கே சீல் என்ற பேச்சே இல்லை. எலியிடம் நல்ல பலன் தந்த ஒரு மருந்து மனிதரிடம் பலிக்காமல் 2014-ல் கைவிடப்பட்டதும் உண்டு.

இங்கேதான் ஸ்டெம் செல் வருகிறது. எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல் இது. 2007-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள், இக்குறையுள்ள கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் ஜீன் வேலை செய்தது. செல்கள் வேறு வடிவம் எடுக்கத் தொடங்கியதும் மூடிக்கொண்டது! ஜப்பானின் யமனாகா, வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக்கும் வித்தையை அதே 2007-ல் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் நோயாளியின் செல்லைப் பின்னோக்கித் திருப்பியும் இந்தச் சீல் மட்டும் உடையவில்லை என்று 2010-ல் தெரிந்தது.

2018-ல் அமெரிக்காவில் ஜேனிஷ் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தில் அதை உடைத்தார்கள். வேகன் நம்பரைச் சொல்லி ஆளனுப்புவதுபோல, குறிப்பிட்ட அந்த ஜீனை மட்டும் தேடிப்போய் முத்திரையை நீக்கும் கருவி ஒன்றைச் செலுத்தினார்கள். ஜீன் விழித்துக்கொண்டது. அந்தச் செல்களிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களின் அளவுமீறிய துடிப்பும் அடங்கியது.

நம் ஊரிலும் பல்லாரி சாலை ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள இன்ஸ்டெம் நிலையத்தில், மனித ஸ்டெம் செல்களை வைத்து இந்த மேஸ்திரிப் புரதம் ஆராயப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் கண்ணாடித் தட்டில் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டில் வளர்த்துப் பார்ப்பது வேறு, குழந்தையின் உடம்பில் ஏற்றுவது வேறு. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற சோதனைகளுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் தரும் பலனை அந்த ஊசி தரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா மகளைக் கட்டினதால்தான் இப்படி என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள் சார்" என்றார். அதுவும் தவறு. இந்த ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டுமே. அன்னியத்தில் கட்டியிருந்தாலும் அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு இது வந்திருக்கக்கூடும். தாயையும் குற்றம் சொல்வதற்கில்லை. 55 முதல் 200 தடவை வரை உள்ளவர்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பார்கள். தங்களிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஓர் ஆண் தன் பெண்கள் அத்தனை பேருக்கும் அதைக் கொடுத்துவிடுகிறார். சிலருக்கு ஐம்பது வயதுக்குமேல் கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரும்.

"எங்க அத்தானுக்குக் கை நடுங்கும் சார்" என்றார் நண்பர்.

அத்தானுக்கு இன்னொரு பெண் இருக்கிறாள். தை மாதம் கல்யாணம். மனுவை இப்போதைக்கு மேஜை டிராயரில் வைக்கச் சொல்லிவிட்டு, மரபியல் ஆலோசனைக்கு மூவருமாக எந்தக் கிழமை போவது என்று அக்காவுக்குப் போன் செய்யப் போனார்.