கடலில் கலக்கும் நீர் வீணா?

கடற்கரையே இல்லாத இடுக்கியும் பாலக்காடும் அரபிக் கடலோடு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை மீன்வள ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இடுக்கி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. பாலக்காட்டுக்கும் கிடையாது. ஆனாலும் குமுளி பக்கத்து ஏலத் தோட்டங்களிலும் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை கிராமங்களிலும் சோற்றுக்குக் குழம்பாவது பல நாள் கடல் மீன்தான். ஐஸ் பெட்டியுடன் மலையேறி வரும் மீன் வண்டியின் ஹாரன் கேட்டதும் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். மத்தி இருக்கிறதா, கிலோ என்ன விலை? முதல் கேள்வியே பெரும்பாலும் இதுதான். தென் கேரளத்தில் சாளை என்று அழைக்கப்படும் மத்தி, கையில் காசு குறைந்தவர்களின் மீன்.

அந்த மீனே தட்டுப்பட்டுப்போன ஆண்டுகள் உண்டு. 2012ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021ல் கிடைத்தது வெறும் 3,297 டன். 1994க்குப் பிறகு இவ்வளவு மோசமான ஆண்டு இல்லை என்றது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 2024ல் மீண்டும் சுமார் ஒன்றரை லட்சம் டன். ஏன் இந்தத் தாறுமாறான ஏற்ற இறக்கம்?

கேள்வி புதிதல்ல. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த காலத்திலேயே இது ஆராயப்பட்டிருக்கிறது. மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல்லும் ராமசாமி நாயுடுவும் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து 1920களில் வெளியிட்டார்கள். 1947ல் தொடங்கப்பட்டு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைத் தொடர்கிறது.

மத்தியின் வாழ்வு மழைக்காலத்தோடு பின்னியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கேரளக் கரையோரத்து மேல்நீர் விலகிச் செல்கிறது. ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று மத்திக் குஞ்சுகள் வளர்கின்றன. முட்டையிடும் பருவமும் அதுவே. காற்றோ மழையோ கடலின் வெப்பமோ தப்பினால் மீனும் தப்பிவிடும்.

சூடும் வலையும்

கடல் சூடாகி வருகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் சில பகுதிகளில் 1901 முதல் 2012 வரை வெப்பம் 1.2 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்திருப்பதைப் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் காட்டினார்கள். 60 ஆண்டுகளில் அங்கே நுண்பாசிகள் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக அவர்களது 2016ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. மேல்நீர் சூடேறினால் அடிநீரோடு எளிதில் கலப்பதில்லை. சத்து அடியிலேயே தங்கிவிடுகிறது. 2015ல் பசிபிக் கடலில் தோன்றிய எல் நினோவின் தாக்கமும் மத்தியின் சரிவுக்குக் காரணம் என்கிறார்கள் கொச்சி விஞ்ஞானிகள்.

பழியை முழுதும் வானிலை மீது போடவும் முடியாது. வளராத குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாக வாரி, மீன்தூள் ஆலைகளுக்கு விற்ற வலைகளுக்கும் பங்குண்டு. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று 2015ல் கேரள அரசு விதி கொண்டுவந்தது.

2024ல் பாடம் வேறு. மழை நன்றாக இருந்தது. குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. ஆனால் இரைக்குப் போட்டி கூடியதால் மீன் வளரவில்லை. விரல் நீள மத்தி வலை நிறைய வந்தது, விலை சரிந்தது. மிகுந்தாலும் நட்டம், குறைந்தாலும் நட்டம்.

மலையின் கணக்கு

இங்கேதான் மலை மாவட்டங்கள் கதைக்குள் வருகின்றன. 'தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்பது எல்லையின் இரு பக்கமும் மேடைதோறும் கேட்கும் வசனம். 1895 முதல் முல்லைப் பெரியாறு அணை பெரியாற்று நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே வைகைக்குத் திருப்புகிறது. தேனி, மதுரை வயல்கள் அதனால் விளைகின்றன. 1976ல் இயங்கத் தொடங்கிய இடுக்கி மின் திட்டமும் பெரியாற்று நீரை மூலமற்றம் மின்நிலையம் வழியாகத் தொடுபுழை, மூவாற்றுப்புழை ஆறுகளுக்கு மாற்றி வேம்பநாட்டுக் காயலில் சேர்க்கிறது. பாலக்காட்டில் மலம்புழை அணையும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமும், பொன்னானியில் கடல் சேரும் பாரதப்புழையின் நீர்வரத்தை மாற்றியிருக்கின்றன.

இந்த அணைகளால்தான் மத்தி குறைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆழ்நீரே அதற்கு முதல் ஆதாரம். ஆனால் ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்தும் நன்னீரும் கரையோரக் கடலுக்கும் கழிமுகத்துக்கும் உணவு. அது குறைந்தால் என்ன ஆகும்? கோடையில் பெரியாற்றின் கீழ்ப்பகுதியில் உப்புநீர் ஏறாமலிருக்கத் தடுப்பு கட்டவேண்டியிருக்கிறது. மணல் வரத்து குறைந்தால் கரையும் மெலியும். கேரளக் கடற்கரையில் சுமார் 46 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகிறது என்கிறது சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். துறைமுகச் சுவர்களும் கடல் சுவர்களும் இதில் சேர்த்தி.

ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள உறவுக்கு ஆற்றுக்கொஞ்சு நல்ல சாட்சி. நன்னீரில் வாழும் இந்தப் பெரிய இறால் முட்டை பொரிக்க உப்பு கலந்த நீரைத் தேடிக் கீழே போக வேண்டும். குஞ்சுகள் மறுபடி மேலே ஏற வேண்டும். பீர்மேடு மலைப்பகுதியில் பிறக்கும் பம்பையும் வந்து சேரும் வேம்பநாட்டின் குறுக்கே, குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க 1976ல் தண்ணீர்முக்கம் தடுப்பணை எழுந்தது. நெல் பிழைத்தது, கொஞ்சின் பாதை அடைபட்டது, மீனவர்களுக்கு அது அரிதாகிவிட்டது.

யாருடைய வயலையும் காயப்போடச் சொல்லவில்லை விஞ்ஞானம். பாசனத்துக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று பங்கு போடும்போது, கழிமுகத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு என்ற கேள்வியும் வேண்டும் என்பதே அதன் பொருள். ஹாரன் கேட்டுப் பாத்திரத்தோடு வாசலுக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கேள்வி அந்நியமானதல்ல. அவர் மலையில் பெய்த மழை கடலுக்குப் போகிறது; கடலின் மீன் அவர் வாசலுக்கு வருகிறது.