கடுங்குளிரில் வழுக்காத பனி

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் சனி, ஞாயிறு இரு தினங்களையும் பனிச்சறுக்கில் கழிக்கத் திரளும் ஜனங்களில், குளிர் மிக மிகப் பனியும் நன்றாக வழுக்கும் என்று நம்பி முதன்முறையாக வருகிறவர்கள், உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியைக் காட்டும் காலை வேளையில் பெருத்த ஏமாற்றத்தையே அடைகிறார்கள். காலடியில் பனி கிறீச்சிடுகிறது; மூச்சை இழுத்தால் நாசித் துவாரத்து ரோமங்கள் விறைத்து ஒட்டிக்கொள்கின்றன; காலில் பூட்டிய சறுக்குப் பலகைகளோ, சரிவு சற்றுக் குறைந்த இடங்களில் நகரவே மறுக்கின்றன. தென் துருவத்திலிருந்து 1912-ஆம் வருஷம் திரும்பிக்கொண்டிருந்த காப்டன் ஸ்காட், பனி பாலைவன மணலாக மாறித் தம் வண்டியைத் தடுப்பதாக நாட்குறிப்பில் வருந்தியதும் இதே அனுபவத்தைத்தான்.

பலகை வழுக்குவது, அதற்கும் பனிக்கும் இடையே உண்டாகும் மெல்லிய ஜலப்படலத்தின் உதவியால். சறுக்குகிறவரின் பாரம் அழுத்துவதால் பனி உருகுகிறது என்பது பழைய கொள்கை. அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை தாழும் என்பது மெய்யே. ஆனால் ஒரு டிகிரி தாழ்வதற்கே ஏறக்குறைய 130 வாயுமண்டல அழுத்தம் வேண்டியிருக்க, நீண்டு அகன்ற இரு பலகைகளின்மேல் பரவி நிற்கும் மனித பாரம் ஒரு வாயுமண்டல அழுத்தத்தின் சிறு பின்னமாகவே முடிந்துவிடுகிறது.

சுவிட்ஸர்லாந்தில் சுமார் 3,450 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதனைகள் நடத்தி, 1939-இல் முடிவுகளை வெளியிட்ட பௌடன், ஹியூஸ் என்னும் விஞ்ஞானிகள், பனியை உருக்குவது உராய்வில் பிறக்கும் உஷ்ணமே என்று விளக்கினார்கள். உஷ்ணத்தை எளிதில் கடத்திவிடும் பித்தளை, கடுங்குளிரில் அதிகமாக உராய்ந்தது. உஷ்ணத்தைத் தொடுமிடத்திலேயே தங்கவிடும் எபொனைட் அதைவிட லகுவாக வழுக்கியது. இன்றைய பலகைகளின் அடிப்பாகத்தை உஷ்ணத்தை அரிதாகவே கடத்தும் ஒருவகைப் பாலிதீனால் செய்வதிலும் இந்த அனுகூலம் இருக்கிறது. பனி மிகவும் குளிர்ந்துவிட்டாலோ, அதைப் பூஜ்யம் வரை ஏற்றுவதிலேயே உராய்வின் உஷ்ணம் பெரிதும் செலவாகிவிடுவதால் படலம் சரிவர உண்டாவதில்லை. கடினமும் கூர்மையுமான பனித்துகள்கள் பலகையின் அடியைக் கீறிப் பற்றுகின்றன. அனுபவசாலிகள் அத்தகைய நாட்களில் கெட்டியான மெழுகைத் தேர்ந்து தேய்ப்பது, அத்துகள்கள் அடியில் குத்தி நிற்காதிருப்பதற்காகவே.

வேகம் பலகைக்கு உஷ்ணம் தருகிறது. அதே வேகம் சரீரத்தின் உஷ்ணத்தைப் பறிக்கிறது. சருமத்தை ஒட்டி நின்று காக்கும் வெதுவெதுப்பான காற்றுப் படிவத்தை எதிர்க்காற்று அடித்துச் சென்றுவிடுவதே காரணம். இந்த இழப்பை அளக்கும் முயற்சியை, அண்டார்க்டிகாவில் தண்ணீர் நிரம்பிய சிறு குழாயைக் காற்றில் தொங்கவிட்டு அது உறையும் நேரத்தைக் குறித்துத் தொடங்கிவைத்தவர்கள் சைப்பிள், பாஸெல் என்ற இரு அமெரிக்கர்கள். அவர்கள் வகுத்த முறையைத் திருத்தி 2001 முதல் வழங்கும் சூத்திரத்தின்படி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் மோதினால், பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரிக்கு ஒப்பான குளிர் உறைக்கும்; மூடாத சருமம் அரை மணிக்குள் உறையக்கூடும்.

மூக்கு நுனியும் காது மடலும் கன்னமும் முதலில் வெளிறி மெழுகுபோலாகின்றன. அந்த இடம் மரத்துப்போவதால் வேதனையும் அடங்கிவிட, உரியவர் குணமாகிவிட்டதென்று தவறாக எண்ணிக்கொள்கிறார். அங்கே பனியைத் தேய்க்கும் பழைய வழக்கம் தசையை மேலும் சிதைக்கும். உள்ளே ஒதுங்கி, மீண்டும் உறைய இடமில்லாத நிலையில், சரீர உஷ்ணத்தளவான வெந்நீரில் இளக்குவதே முறை. தன் முகத்தைத் தான் காண இயலாதாகையால், ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் நின்று துணைவரின் முகத்தை உற்றுப் பார்ப்பது, கனமான கம்பளி உடையைக் காட்டிலும் முக்கியமான பாதுகாப்பாகும்; ஆதலின் கடுங்குளிர் நாளில் யாரும் தனியே சறுக்கச் செல்லலாகாது.