பச்சை உடம்புக்காரிக்கு ஒரு கச்சேரி

பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் பெட்டியில் என்னென்ன அடைத்துக்கொண்டு போவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? சுக்குப் பொடி, ஓமம், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகள், பாலாடை... நானும் அப்படித்தான் 2018 செப்டம்பரில் போய் இறங்கினேன். அக்கா பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம். அக்காவால் படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு நகர முடியவில்லை. "நீ போயிட்டு வாடி, உனக்கும் அவ பொண்ணு மாதிரிதானே" என்று என்னை அனுப்பிவிட்டாள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது பத்தியச் சமையலைப் பற்றி இல்லை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துச் சங்கீதப் பிரிவில் நடக்கிற கச்சேரிகளைப் பற்றி. பிரசவத்துக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது, சொல்கிறேன்.

ஊருக்குப் பெயர் மிடில்டவுன். கனெக்டிகட் மாநிலத்தில், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் ஏறக்குறைய நடுவில், ஆற்றங்கரையில் இருக்கிறது. நம் கும்பகோணத்தைவிடச் சின்ன ஊர். அங்கேதான் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1831-ல் தொடங்கியதாம். பெண்ணின் வீடு அதிலிருந்து பத்து நிமிஷ கார் ஓட்டம்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, ஆண் குழந்தை. முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அப்புறம் பார்க்கிறேன், இந்தப் பெண் பேச்சையே குறைத்துவிட்டாள். பால் கொடுக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் விடுவாள். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்லை சித்தி" என்பாள். பிரசவமானதும் சில நாள் இப்படி மனசு கலங்குவது பல பெண்களுக்கு உண்டு, அது தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் இதை 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். மாப்பிள்ளை விடவில்லை, உடனே அழைத்துப் போனார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு, வேண்டிய சிகிச்சையை ஆரம்பித்தார். கூடவே, தினம் கொஞ்ச நேரமாவது வீட்டைவிட்டு வெளியே போகணும் என்றும் சொல்லி அனுப்பினார். கச்சேரி கேட்டதால்தான் உடம்பு குணமாச்சு என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியம் வைத்தியம்தான். ஆனால் வெளியே போ என்றால் எங்கே போவது? குளிர் ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஆள் நடமாட்டமே கிடையாது.

அப்போதுதான் மாப்பிள்ளை ஓர் அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். வெஸ்லியனில் நவராத்திரி விழா! நாலு நாள், வாய்ப்பாட்டு, மிருதங்கம், நாட்டியம், சரஸ்வதி பூஜை! எனக்கு நம்பவே முடியவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சரஸ்வதி பூஜையா?

விசாரித்தால் அது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1970-களிலிருந்து வருஷா வருஷம் நடக்கிறதாம். அதற்கும் முன்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. வீணை தனம்மாள் பெயரை உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1938-ல் காலமானவர். சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீணை வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் வந்து மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். அவர் மகள் ஜயம்மாள். ஜயம்மாளின் பிள்ளைகள்தான் நாட்டியத்துக்கு பாலசரஸ்வதி, மிருதங்கத்துக்கு ரங்கநாதன், புல்லாங்குழலுக்கு விஸ்வநாதன். பாலசரஸ்வதி ஆடும்போது தாயார் ஜயம்மாளே பின்னால் உட்கார்ந்து பாடுவாராம். இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. பெண் ஆட, பெற்றவள் பாட!

ராபர்ட் பிரௌன் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றுக்கொண்டார். அவர்தான் பிறகு வெஸ்லியனில் பல தேசத்துச் சங்கீதங்களையும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தவர். 1963-ல் ரங்கநாதன் அங்கே ஆசிரியராகப் போனார். பாலசரஸ்வதியும் அங்கே போய்க் கற்பித்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்த விஸ்வநாதன் 1975-ல் அங்கே போய்ச் சேர்ந்து, 2002-ல் காலமாகிறவரை கற்றுக்கொடுத்தார். குழல் வாசித்துக்கொண்டே இருப்பவர், நடுவில் குழலைக் கீழே வைத்துவிட்டு அதே அடியை வாயால் பாடிக் காட்டுவாராம். சாகித்யம் தெரியாமல் வாசிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பாடம்.

'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று வானொலியில் கேட்டிருக்கிறோமே, அந்த ஜான் ஹிக்கின்ஸும் வெஸ்லியன் மாணவர்தான். நம் பாட்டு அவர் காதில் விழுந்தது அங்கேதான். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து விஸ்வநாதனிடம் கற்றுக்கொண்டார். மறுபடி வெஸ்லியனிலேயே பணியாற்றினார். 1984 டிசம்பரில் தெருவில் நடந்து போகும்போது ஒரு வண்டி மோதி இறந்துபோனார். நாற்பத்தைந்து வயதுதான் ஆகியிருந்தது. பாவம்.

விழாவுக்கு வருகிறேன். குழந்தைக்கு அப்போது ஐந்து வாரம். அத்தனை சின்னக் குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. "நீ போ, குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்றேன். "பசிச்சு அழுதா என்ன சித்தி பண்ணுவீங்க?" என்று அவள் தயங்கினாள். பாலை எடுத்து வைக்கச் சொல்லி, பாலாடையைக் காட்டினேன். "உங்க அம்மாவுக்கும் எனக்கும் இதாலதான் ஊட்டினாங்க, கிளம்பு" என்று புடைவை கட்டச் சொன்னேன். ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் புடைவை கட்டியது அன்றைக்குத்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். முழுக்கச் சேரி கேட்கவில்லை, பால் கட்டிக்கொண்டதாம். ஆனால் காரிலிருந்து இறங்கி வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்! "சித்தி, மேடையில மிருதங்கம் வாசிச்சவர் அமெரிக்கர். டேவிட் நெல்சன்னு பேர். ரங்கநாதன் கிட்ட கத்துக்கிட்டவராம். பக்கத்துல உட்கார்ந்த பொண்ணு தாளம் போட்டா சித்தி, ஒரு அட்சரம் தப்பலை." எனக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூஜைக்கு நான் போனேன், அவள் குழந்தையோடு இருந்தாள். வாத்தியமோ புத்தகமோ எதுவானாலும் கொண்டுவந்து பூஜையில் வைக்கலாம், கட்டணம் கிடையாது. கிளம்பும்போது அவள் ஒரு நோட்டைக் கொடுத்தாள். கும்பகோணத்தில் பாட்டு டீச்சர் எழுதிக்கொடுத்த வர்ணங்களும் கீர்த்தனைகளும், அட்டை கிழிந்துபோன நோட்டு. கல்யாணத்தோடு பாட்டை விட்டுவிட்ட பெண், நோட்டை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள் பாருங்களேன்! வயலின், மிருதங்கம், யாரோ ஒரு பையனின் கிதார், இவற்றுக்கு நடுவில் அதையும் வைத்தேன்.

பூஜை நடந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அங்கே இரண்டு மண்டபங்கள். ஒன்று கிரௌவெல் மண்டபம், சுமார் 400 பேர் உட்காரலாம். நம் சபா மாதிரி நாற்காலி போட்டது. இன்னொன்றுக்கு உலக இசை மண்டபம் என்று பெயர். அங்கே நாற்காலி வரிசையெல்லாம் இல்லை. கம்பளம் விரித்த அகலமான படிகளில் நம் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொள்ளலாம். ஜாவா தேசத்து வெண்கல வாத்தியங்கள், பெரிய பெரிய சேமக்கலம் போன்றவை, அங்கேயே வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மடியில் போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் விரிப்பைப் போட்டுப் படுக்க வைக்கலாம், அழுதால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம்.

டிசம்பரில், குழந்தைக்கு மூன்று மாசம் முடிந்த பிறகு, அங்கே மாணவர்கள் கச்சேரி வந்தது. ஒரு பருவப் படிப்பு முடிகிற சமயம், கற்றுக்கொண்டதை எல்லோர் முன்னாலும் பாடியும் வாசித்தும் காட்டுவார்கள். இதற்கும் டிக்கெட் கிடையாது. இந்தத் தடவை மூன்று பேருமே போனோம், குழந்தையோடு.

பெரிய வித்வான் கச்சேரியைவிட இந்த மாணவர் கச்சேரிதான் எனக்கு மனசில் நிற்கிறது. செப்டம்பரில்தான் முதன்முதலாக ஸரிகமவைக் கேட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பையன், எப்படியோ சுற்றிய புடைவையில் ஒரு பெண். சம்மணம் போட்டு உட்காரவே சில பேருக்குக் கஷ்டம். நமக்கு எட்டு வயசில் வந்த பாட்டைத்தான் பாடினார்கள். சுருதி இங்கே அங்கே போயிற்று. ஒரு பெண்ணுக்கு நடுவில் தாளம் நழுவிவிட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். யாரும் சிரிக்கவும் இல்லை. நம் ஊரில் அரங்கேற்றம் என்றால் லட்சக்கணக்கில் செலவு, புடைவை, சாப்பாடு, ஒரு தப்பு வந்தால் ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பயந்தே எத்தனை பெண்கள் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள்! கற்றுக்கொண்டது கொஞ்சமானாலும் அதை நாலு பேர் நடுவில் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற வழக்கம் நமக்கும் வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்து கையில் தாளம் போட்டபடி சொற்கட்டு சொன்னார்கள். 'தகதிமி தகஜுணு' என்று ஒரே குரலாக வந்ததும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எங்கள் பேரன் கண்ணைத் திறந்தான். அழப்போகிறான் என்று நான் எழுந்திருக்கத் தயாரானேன். அவன் அழவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கை குழந்தையின் முதுகில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டு, விரல், திருப்பு, எல்லாம் சரியாக. தான் போடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அங்கே நம் சங்கீதம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாவா வாத்தியக் கச்சேரி உண்டு. ஊர்க் குழந்தைகளுக்கென்றே ஒரு ஜாவா வாத்தியக் குழுவும் வைத்திருக்கிறார்கள். கறுப்பர் இனத்துத் தேவாலயப் பாடல் குழு ஒன்று இருக்கிறது, அவர்கள் பாடும்போது சபையே எழுந்து கைதட்டுமாம். புதுமைச் சங்கீதம் என்று ஒன்றுக்கு மாப்பிள்ளை அழைத்துப் போனார். ஒரு மாணவர் ஏதோ இரும்புத் துண்டை அரைமணி நேரம் உரசிக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தால் இதைவிட நன்றாக இருக்கும்! ஆனால் அதையும் ஐம்பது பேர் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்களே, அந்தப் பொறுமையைப் பாராட்டணும்.

கைக்குழந்தையோடு கச்சேரிக்குப் போக நினைக்கும் இளம் தாய்மார்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். தடுப்பூசிகளையும் குழந்தையின் உடம்பையும் பார்த்து, கூட்டத்துக்கு எப்போது கொண்டுபோகலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருநாளும் உட்காராதீர்கள், பிஞ்சுக் காது தாங்காது. மாணவர் கச்சேரியில் மைக் இல்லாததால்தான் நாங்கள் தைரியமாகப் போனோம், அப்படியும் மிருதங்கத்துக்கு எட்டவே இருந்தோம். மண்டபத்துக்குள் நுழையும் முன் பால் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் கவலையில்லை. வாசலுக்குப் பக்கம் இடம் பிடியுங்கள். குழந்தை சிணுங்கினால், 'இதோ நிறுத்திடுவான்' என்று காத்திருக்காமல் உடனே வெளியே போய்விடுங்கள். பாடுகிற பிள்ளைக்கு அது பரீட்சை இல்லையா? பாதியில் கிளம்ப வேண்டி வந்தாலும் வருத்தப்படாதீர்கள். அரைமணி கேட்டாலும் கேட்டதுதான்.

இதற்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக் கல்லூரி 1929-லிருந்து இருக்கிறது. சென்னையிலும் இசைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இசைக் கல்லூரி இருந்தால், மாணவர்கள் பாடுகிற நாள் எது, வெளியார் வரலாமா என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.

நான் பிப்ரவரியில் திரும்பிவிட்டேன். மே மாதம் அங்கே குளிர் விட்டதும் திறந்த வெளியில் ஆப்பிரிக்க முரசுக் கச்சேரி நடந்ததாம். பேரனுக்குக் காதை மூடுகிற பஞ்சு வைத்த கவசம் வாங்கி மாட்டி அழைத்துப் போயிருக்கிறாள். போனில் படம் அனுப்பினாள். புல்தரையில் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பையன் நிற்கிறான். "உங்க அம்மாவுக்கும் காட்டினியா?" என்று கேட்டேன். "காட்டிட்டேன் சித்தி. அம்மா அந்த நோட்டுல இருக்கற மோகன வர்ணத்தைப் பாடிக் காட்டச் சொன்னா. சரணம் மறந்துபோச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கும் பாதிதான் ஞாபகம் இருந்தது. இரண்டு பேருமாகப் போனிலேயே பாடிப் பார்த்து முடித்தோம்.