விட்ட இடத்தில் காத்திருக்கும் அட்டை

இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். நம் கிராமத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் கணக்கு இதுதான். ஒருத்தி கதைப் புத்தகத்தை மடமடவென்று வாசிப்பாள். பக்கத்தில் இருப்பவன் 'ப'வா 'ய'வா என்று விழிப்பான். பாடக்குறிப்பேட்டில் மட்டும் எல்லாரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள்.

இந்தப் பொய்யை உடைக்க வந்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே, ரிஷி வேலியில் பத்மநாப ராவும் ரமாவும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு மூலம். எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. பாடம் சின்னச் சின்னப் படிகளாக உடைந்து, சுவரில் ஏணிப்படியாகத் தொங்கியது. பிள்ளை தன் படியைப் பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் பாயில், பிள்ளைகளோடு.

அதில் எனக்குப் பிடித்தது, விடுப்பையும் கணக்கில் சேர்த்த கெட்டிக்காரத்தனம். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ பெற்றோர் கிளம்பினால் பிள்ளையும் கூடப் போகும். திரும்பி வரும்போது பழைய முறையில் ஆறு பாடம் போயிருக்கும். இதில் விட்ட அட்டை அங்கேயே இருக்கும். ஆனால் அட்டை கிழிந்தால், தொலைந்தால் எல்லாமே தடுமாறும். எளிய அட்டையிலேயே தேங்கிவிடும் பிள்ளையை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொரோனா விடுமுறைக்குப் பிறகு, 2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளின் கற்றலுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். அழகான பெயர்கள்தான். எந்தப் பூ எவ்வளவு பின்னால் என்று புரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும்! அதனால் நிலைவாரியாகப் பிரிப்பதைவிட, பிரித்தவர்களை எங்கே சேர்ப்பது என்று திட்டமிடுவதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது.

'சந்தை' என்று ஒரு பாடம் என்று வைத்துக்கொள்வோம். அரும்புக்குக் காய்களின் பெயரில் முதல் எழுத்து. மொட்டுக்கு விலைப் பட்டியல். மலருக்குப் பேரம் பேசும் உரையாடல். பார்வை குறைந்த பிள்ளைக்குப் படத்தைக் காட்டிப் பயனில்லை, கையில் ஒரு கத்தரிக்காயைக் கொடுத்துவிடலாம். கடைசி அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து சந்தை போட வேண்டும். அம்மாவோடு காய்கறிக் கடையில் உட்கார்ந்து பழகிய அரும்புப் பையன் அதில் கடைக்காரன் ஆனால், மலர்க்காரர்கள் அவனிடம் பேரம் பேசி ஜெயிப்பது கஷ்டம்.