சீசாவுக்குள் 25 ஆண்டு!
முதுமையில் ருசி கூடும் 'பார்லி ஒயின்'

பீர் என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வருவது பொன் நிறமும், பொங்கும் நுரையும், பல் கூசும் குளிர்ச்சியும்தான். வாங்கியதும் குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு அது. லேபிளில் அச்சிட்ட தேதி தாண்டிவிட்டால் கடைக்காரரே அதை ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஆனால் 25 ஆண்டு கெடாது, வைக்க வைக்க ருசி கூடும் என்று லேபிளிலேயே அச்சடித்து விற்ற பீர் ஒன்று உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

இங்கிலாந்தின் தென்கோடியில் டார்ச்செஸ்டர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. பிரபல நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ஊர் என்று அதற்குப் பெயர். அவர் 1928-ல் காலமானார். 40 ஆண்டுக்குப் பின் 1968-ல் அவர் நினைவாக விழா எடுத்தார்கள். அப்போது உள்ளூர் எல்ட்ரிட்ஜ் போப் மது ஆலை, 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்' என்ற பெயரில் ஒரு கனமான பீரைக் காய்ச்சிச் சீசாவில் அடைத்தது. ஹார்டி தமது 'தி டிரம்பெட் மேஜர்' நாவலில் அந்த வட்டாரத்துப் பழைய பீரைப் புகழ்ந்திருக்கிறார். அந்தப் புகழுக்கு ஏற்ற சரக்கைத் தயாரிப்பதே ஆலையின் நோக்கம். பாட்டிலுக்குப் பாட்டில் வரிசை எண்ணும், காய்ச்சிய ஆண்டும் போட்டார்கள்.

இந்த வகைக்குத்தான் 'பார்லி ஒயின்' என்று பெயர்.

பெயர்தான் ஒயின்!

ஒயின் என்றாலும் இதில் ஒரு திராட்சைகூடக் கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ, நொதிக்க வைக்க ஈஸ்ட் ஆகிய நாலும்தான் சரக்கு. சாதாரண பீருக்கும் இவையேதான். ஆனால் சாதாரண பீரில் ஆல்கஹால் 4 அல்லது 5 சதவீதம். பார்லி ஒயினில் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். திராட்சை ஒயினுக்குச் சமமான வீரியம் என்பதால்தான் அந்தப் பெயர்.

இவ்வளவு வீரியம் எப்படி வருகிறது? நம் வீட்டுச் சமையலறையில் தேங்காய்ப் பால் எடுப்பதை நினைத்துக் கொண்டால் போதும். துருவலைப் பிழிந்ததும் வருவது கெட்டியான முதல் பால். தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் வருவது நீர்த்த இரண்டாம் பால். பார்லியிலும் அதே கதைதான். வெந்நீரில் ஊறிய பார்லியிலிருந்து முதலில் வடியும் சாறு பாகு போல் கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். அதை மட்டும் தனியே பிடித்து, நெடுநேரம் காய்ச்சி, நொதிக்க விடுவார்கள். மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் சாறு, வேலையாட்கள் குடிக்கும் லேசான பீருக்குப் போய்விடும்.

பாகில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் களைத்துப் போகிறது. சர்க்கரையில் ஒரு பங்கு மிஞ்சிவிடுகிறது. பார்லி ஒயின் தித்திப்பதற்கு அதுவே காரணம்.

பிள்ளை பிறந்தால் பீப்பாய்!

இங்கிலாந்தின் குளிரில் அந்தக் காலத்தில் திராட்சை செழிக்கவில்லை. நல்ல ஒயின் பிரான்சிலிருந்து வர வேண்டியிருந்தது. பிரான்சோடு அடிக்கடி போர் மூண்ட 18-ஆம் நூற்றாண்டில், பிரபுக்கள் தங்கள் மாளிகையிலேயே காய்ச்சிய கடும் பீரைச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி விருந்தினருக்கு அளித்தார்கள். புது அறுவடைப் பார்லி வந்ததும் அக்டோபர் மாதத்தில் காய்ச்சுவதால் அதற்கு 'அக்டோபர் பீர்' என்றே பெயர்.

மாளிகையில் ஆண் வாரிசு பிறந்தால் ஒரு பீப்பாய் காய்ச்சிப் பாதாள அறையில் வைப்பதும், பிள்ளைக்கு 21 வயது நிறையும் அன்று அதைத் திறப்பதும் வழக்கமாக இருந்தது.

இந்த வழக்கத்தின் சாட்சி ஒன்று 2006-ல் வெளிப்பட்டது. பீர் நகரம் என்று பெயர் பெற்ற பர்ட்டன் ஊரின் ஆலைக் கிடங்கில் பழைய பாட்டில்கள் அகப்பட்டன. அவற்றில் 'ராட்கிளிப் ஏல்' என்பது 1869-ல் காய்ச்சியது! பாஸ் கம்பெனியின் பங்குதாரரான ராட்கிளிப் குடும்பத்தில் ஒரு மகன் பிறந்ததைக் கொண்டாடக் காய்ச்சியது அது. 137 ஆண்டு கழித்துத் திறந்தபோதும் அது கெடவில்லை, குடிக்கும் பதத்திலேயே இருந்தது என்று ருசி பார்த்தவர்கள் தெரிவித்தார்கள்.

அதே பாஸ் ஆலைக்கு 1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னர் விஜயம் செய்தார். பார்லியை ஊறவைக்கும் வேலையை மன்னரே தொடங்கி வைக்க, அன்று காய்ச்சியது 'கிங்ஸ் ஏல்' ஆயிற்று. பார்லி ஒயின் என்ற பெயரைப் பிரபலமாக்கியதும் இந்தக் கம்பெனியின் 'நம்பர் ஒன்' பீர்தான்.

மதராஸ் வந்த பீப்பாய்கள்

பர்ட்டன் ஊரின் கடும் பீர் ஒரு காலத்தில் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1822-ல் ரஷ்யா இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. வியாபாரம் படுத்தது. வேறு சந்தை தேடிய பர்ட்டன் முதலாளிகளின் கண்ணில் பட்டது இந்தியா.

அதற்கு முன் இந்தியச் சந்தையை ஆண்டவர் லண்டன் பவ் பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்து, கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பம்பாய்க்கும் பீர் அனுப்பினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பூமத்திய ரேகையை இரு தடவை தாண்ட வேண்டும். சாதாரண பீர் வழியிலேயே புளித்துவிடும். ஹாப்ஸ் கூட்டிய வீரிய பீரோ அலையிலும் வெப்பத்திலும் ஆடி ஆடிப் பதம் பெற்றுக் கரை சேர்ந்தது.

அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நிற்க, சரக்கெல்லாம் மசூலா படகுகளில்தான் கரைக்கு வரும். பொங்கும் அலைகளுக்கு நடுவே அந்தப் படகுகளை வலித்தவர்கள் நம் கடற்கரை மக்கள். வெள்ளைக்காரத் துரைகள் குடித்த பீரும் அவர்கள் தோள்வலியில்தான் கரை சேர்ந்தது.

பீப்பாய்க்காக ஒரு ரயில் நிலையம்!

பர்ட்டனுக்கு 1839-ல் ரயில் வந்தது. ஆலைகளுக்குள்ளேயே தண்டவாளங்கள் ஓடின. பீப்பாய்களை லண்டனுக்கு ஏற்றிச் சென்ற மிட்லண்ட் ரயில்வே, 1868-ல் அங்கே செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தைத் திறந்தது. சுமார் 240 அடி அகலத்துக்கு நடுவே ஒரு தூண்கூட இல்லாத இரும்பு வளைவுக் கூரையைப் பார்த்து உலகமே வியந்தது.

பிளாட்பாரத்துக்குக் கீழேதான் வேடிக்கை! அங்கே பர்ட்டன் பீருக்கென்றே மாபெரும் கிடங்கு அமைத்தார்கள். வேகன்களை நீர்விசை லிப்டில் கீழே இறக்கினார்கள். தூண்களுக்கு இடையே எத்தனை அடி விடுவது என்பதை, வரிசையாக எத்தனை பீப்பாய் அடங்கும் என்று கணக்கிட்டே எஞ்சினியர் பார்லோ தீர்மானித்தார். பீப்பாய்தான் அவருக்கு அளவுகோல்! 2007 முதல் கடலடிச் சுரங்கம் வழியாகப் பாரிசுக்குப் போகும் பயணிகள், அதே தூண்களுக்கு இடையில்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

பாட்டிலை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்பதில்லை. அடியில் வண்டலாகத் தங்கும் ஈஸ்ட் மிச்சமுள்ள சர்க்கரையை மெல்ல மெல்லத் தின்கிறது. உள்ளே சிக்கிய காற்றையும் முடிந்தவரை உறிஞ்சுகிறது. ஹாப்ஸின் கசப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. மூடி வழியே கசியும் துளிக் காற்று தன் வேலையைக் காட்டுகிறது.

லேசான பீரில் இதே காற்று பட்டால் நனைந்த அட்டைப் பெட்டி வாடை வரும். வீரிய பீரிலோ அது உலர்ந்த திராட்சை, பேரீச்சை, அத்திப்பழ மணமாகத் திரள்கிறது. கடைசியில் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயினின் சாயல் வந்துவிடுகிறது.

மரப் பீப்பாயில் ஆண்டுக் கணக்கில் கிடந்த அந்தக் காலத்து பீரில் இன்னொரு ரகசியமும் இருந்தது. 1904-ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசன் என்ற விஞ்ஞானி, ஆங்கிலேயரின் முதிர்ந்த பீரில் தனி வகை ஈஸ்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 'பிரெட்டனோமைசிஸ்'. பிரிட்டிஷ் பூஞ்சை என்பதே பொருள்!

ருசி பார்ப்பது எப்படி?

இதற்கென்று ஒரு முறை உண்டு. பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். வண்டல் அடியில் படிய வேண்டும். ஐஸில் புதைப்பது கூடவே கூடாது. குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். பாதாள அறையின் குளுமையான 13 டிகிரி செல்சியஸே சரி. பெரிய கண்ணாடி டம்ளரும் கூடாது. பிராந்திக்கு வைப்பது போல வாய் குறுகிய சிறு கிண்ணம் போதும். சாய்த்து மெதுவாக ஊற்றி, வண்டல் வரும் முன் நிறுத்திவிடுவார்கள்.

நிறம் தேக்கு மரத்தின் செம்பழுப்பாக இருக்கும். நுரை அனேகமாக இராது. கையில் பிடித்தபடி சிறிது நேரம் விட்டால் உள்ளங்கைச் சூட்டில் மணம் எழும். பிறகு ஒரு சிறு வாய். முதலில் கருப்பட்டிப் பாகின் தித்திப்பு. அடுத்து உலர்பழங்களின் லேசான புளிப்பு. தொண்டையில் இறங்கும்போது ஒரு கதகதப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் நாக்கின் அடியில் நிற்கும் கசப்பு. ஒரு கிண்ணத்துக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு.

ஒரே பீரின் பல ஆண்டுச் சரக்கை வரிசையாக வைத்து ருசி பார்ப்பது ரசிகர்களுக்குத் திருவிழா. புதுச் சரக்கில் தித்திப்பும் கசப்பும் காரமும் ஒன்றோடொன்று மோதும். ஐந்தாறு ஆண்டில் சமாதானம் ஆகும். பத்தில் பழ மணம் மேலோங்கும். 25-ல் தோல் பையின் வாடையும் ஷெர்ரியும் கலந்து வரும். எல்லாப் பாட்டிலும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சிலது புளித்திருக்கும். சிலது உப்புக் கரிக்கும் சோயாச் சாறு போல் ஆகியிருக்கும். எது தேறியது, எது கெட்டது என்பது திறந்தால்தான் தெரியும். திறந்துவிட்டாலோ உலகில் ஒன்று குறைந்துபோகும்!

ஆலை போயிற்று, பாட்டில் இருக்கிறது

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொழிலின் சங்கடம் உடனே விளங்கும். பார்லி இரட்டிப்பாகச் செலவாகும். சரக்கு மாதக் கணக்கில் கிடங்கை அடைத்துக்கொள்ளும். அதுவரை போட்ட பணத்துக்கு வட்டி யார் தருவது? போதாக்குறைக்கு வீரியத்துக்கு ஏற்ற வரி வேறு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு வரியை ஏற்றி, பீரின் வீரியத்துக்கும் வரம்பு கட்டியது. பழைய கடும் பீர்களில் பெரும்பாலானவை அத்தோடு மறைந்தன.

தாமஸ் ஹார்டிஸ் ஏல் கதையும் அதுதான். 1999-ல் எல்ட்ரிட்ஜ் போப் அதைக் காய்ச்சுவதை நிறுத்தியது. 25 ஆண்டு இருக்கும் என்று அந்த ஆண்டுப் பாட்டிலுக்கு வாக்குக் கொடுத்த ஆலை, 2003-ல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று கடைகளும் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. பிறகு டெவன் பகுதியின் ஓ'ஹான்லன்ஸ் ஆலை 2003 முதல் 2008 வரை காய்ச்சியது. 2012-ல் பெயரும் உரிமையும் இத்தாலியக் கம்பெனிக்குப் போயின.

டார்ச்செஸ்டரில் அன்று பார்லி ஊறவைத்தவர்களும், பீப்பாய் உருட்டியவர்களும், வரிசை எண் ஒட்டியவர்களும் வேலையை இழந்து கலைந்து போனார்கள். தாங்கள் அடைத்த சரக்கு முழுப் பதம் அடைந்ததை அவர்களில் எத்தனை பேர் ருசித்திருப்பார்கள்? ஆனால் அவர்கள் கைபட்ட பாட்டில்கள் இன்னும் யார் வீட்டுப் பாதாள அறையிலோ முதிர்ந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே நிலை. சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-ல் 'ஓல்ட் பாக்ஹார்ன்' காய்ச்சி அந்நாட்டில் பார்லி ஒயினுக்கு வழிகாட்டியது. 2023-ல் அதுவும் கதவடைத்தது. ஆனால் அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் விடவில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா 1983 முதல் 'பிக்புட்' காய்ச்சி வருகிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஜே. டபிள்யூ. லீஸ் 1986-ல் 'ஹார்வெஸ்ட் ஏல்' தொடங்கியது.

நம் ஊர் வெயிலில் நடக்காது!

இதைப் படித்துவிட்டு யாரும் கடை பீரை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். கொதிகலனில் சுட வைத்து, ஈஸ்டை வடிகட்டி எடுத்த சரக்கு அது. நம் ஊர் வெயிலில், தகரக் கூரை அறையில், சில மாதங்களிலேயே பாழாகிவிடும். ஆண்டு முழுவதும் மாறாத குளுமையும் இருட்டும் இருந்தால்தான் பார்லி ஒயின் தேறும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 12 சதவீத வீரியமுள்ள 330 மில்லி பாட்டில் ஒன்று, 5 சதவீத பீர் இரண்டரைப் பாட்டிலுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதனால்தான் இங்கிலாந்தில் இதை 180 மில்லி அளவுச் சிறு பாட்டிலில் அடைத்தார்கள். அதையும் இருவர் பகிர்ந்து குடிப்பார்கள். அதே 180 மில்லியை 'குவார்ட்டர்' என்று வாங்கி, கடை வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, சம்பளப் பணத்தையும் வீட்டு நிம்மதியையும் தொலைக்கிறவர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு ருசி என்று ஒன்று தெரிய வாய்ப்பே இல்லை.

குடிக்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நாலு சரக்கைச் சேர்த்து வைத்துவிட்டுக் கால் நூற்றாண்டு பொறுத்திருந்த மனிதர்களின் கதை என்ற அளவில் இது அவர்களுக்கும் ருசிக்கும்.