குளிருக்குக் கனமான ஆடை தேவையா?

கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பணியாற்றும் பிள்ளைகளைக் காண ஓய்வுபெற்ற பெற்றோர் விமானம் ஏறுவது இன்று தமிழகத்தின் சிற்றூர்களிலும் இயல்பாகிவிட்டது. ஜனவரியில் தொடங்கும் கல்விப் பருவத்துக்காக, கடன் பெற்றுக் கனடா செல்லும் மாணவர்களும் உண்டு. விசா, பயணச்சீட்டு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் காட்டும் அக்கறையை இவர்களில் பலர் ஆடையில் காட்டுவதில்லை. "இருப்பதிலேயே கனமானது எதுவோ, அதைக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்பதோடு குளிருக்கான ஆயத்தம் முடிந்துவிடுகிறது.

நானும் அப்படித்தான் கேட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், மகள் வசிக்கும் வின்னிபெக் நகருக்கு மனைவியுடன் சென்றேன். கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான அங்கு ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். வாழ்நாளெல்லாம் அணிந்து பழகிய பருத்தி பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, அதற்கும் மேலே சென்னையில் பெரும் விலை கொடுத்து வாங்கிய தடித்த மேலங்கி. இவையே என் கவசம்.

பனியில் கால் புதையப் பேருந்து நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் நடந்தபோது எனக்கு வியர்த்தது. கொடுத்த விலைக்குப் பலன் கிடைத்தது என்று மகிழ்ந்தேன். நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றதும் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் முதுகெங்கும் குளிர் பரவியது. பற்கள் தந்தியடித்தன, பேச்சு குழறியது. உடன் வந்த மகள் பதறிப்போய் டாக்சி அழைத்து வீட்டுக்குக் கொண்டுசென்றாள். நனைந்த பனியனைக் கழற்றி, உலர்ந்த ஆடைக்கு மாறிய பிறகே நடுக்கம் அடங்கியது. மகளின் பழைய கம்பளிச் சட்டையையும் அதன்மேல் காற்றுப் புகாத மெல்லிய அங்கியையும் அணிந்திருந்த என் மனைவிக்கு எதுவும் நேரவில்லை.

அன்று நான் கற்ற பாடம் எளியது. ஆடை வெப்பத்தைத் தருவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது துணியின் கனத்தைவிட, இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றே. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோ, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்தும். ஆகவே இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் வியர்வை புகுந்துவிட்டால், எத்தனை விலை உயர்ந்த மேலங்கியாலும் முழுப் பயன் இல்லை.

பருத்தி நம் மண்ணின் ஆடை. வியர்வையை உறிஞ்சி, மெல்ல ஆவியாக்கி, உடலைக் குளிர்விப்பதே அதன் சிறப்பு. மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான். சித்திரை வெயிலில் நமக்கு நன்மை செய்யும் அந்தக் குணமே மைனஸ் 20 டிகிரியில் பகையாகிறது. கம்பளி அப்படியன்று. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டாலும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. அதன் சுருள் இழைகள் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, விரைவில் உலர்ந்துவிடும்.

எனவே குளிர்நாட்டில் ஆடையை மூன்று அடுக்குகளாக அணிய வேண்டும். உடலை ஒட்டிய முதல் அடுக்கு, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. "தெர்மல்" என்ற பெயரில் விற்கப்படுபவற்றிலும் பருத்தியால் ஆனவை உண்டு என்பதால், வாங்குமுன் உள்பட்டையில் உள்ள இழை விவரத்தைப் படிப்பது நல்லது. இரண்டாவது, காற்றைச் சிறைப்பிடிக்கும் கம்பளிச் சட்டை அல்லது பிளீஸ். மூன்றாவது, காற்றும் பனியும் புகாத, இடுப்புக்குக் கீழே வரை மறைக்கும், தலைமூடியுடன் கூடிய மேலங்கி. இறகு அடைத்த மேலங்கி எடை குறைந்தது, மிகுந்த கதகதப்பு தருவது. ஆனால் நனைந்தால் பயன் இழந்துவிடும். வின்னிபெக்கின் உலர்பனிக்கு அது ஏற்றது. குளிர்காலம் முழுவதும் மழை பெய்யும் வான்கூவர் போன்ற இடத்துக்குச் செயற்கை இழை அடைத்ததே நல்லது.

அடுக்குமுறையில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளியே மைனஸ் 20 டிகிரி என்றாலும் அங்குள்ள வீடுகளிலும் கடைகளிலும் 20 டிகிரிக்கு மேல் வெப்பமூட்டியிருப்பார்கள். ஒரு நாளில் பலமுறை இந்த இரு உலகங்களுக்கிடையே சென்று வர வேண்டும். அடுக்குகளாக அணிந்தவர் வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்றிவிடலாம்; ஒற்றை மேலங்கியை நம்பியவருக்கு அந்த வாய்ப்பில்லை.

வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் இதைத் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். காரிபூ மான் தோலால் ஆன ஓர் ஆடையை ரோமம் உள்நோக்கியும், மற்றொன்றை ரோமம் வெளிநோக்கியும் தளர்வாக அணிவது அவர்கள் வழக்கம். அவர்களிடம் இக்கலையைக் கற்ற நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சென், 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதன்முதலில் அடைந்து, தன் குழுவினருடன் நலமாகத் திரும்பினார்.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று வீசினால் உடல் உணர்வது ஏறத்தாழ மைனஸ் 20. மைனஸ் 20 டிகிரியில் அதே காற்று வீசினால் உணர்வது மைனஸ் 33. அந்நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துவிடக்கூடும். காதை மூடும் தொப்பியும், கழுத்தையும் முகத்தையும் மறைக்கும் துணியும் இன்றி வெளியே இறங்கலாகாது. விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் கையுறையே மேலானது; விரல்கள் தம் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பது குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. அதற்குக் காலுறையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒரு கம்பளிக் காலுறை இதம் தரும். இறுக்கமான காலணிக்குள் இரண்டாவதைத் திணித்தால் காற்றுக்கு இடமின்றி, ரத்த ஓட்டமும் குறைந்து, கால் முன்பைவிடக் குளிரும். கூடுதல் பயன் எதிர்மறையாகிவிடுகிறது. காலணியைச் சற்றுப் பெரிதாக, வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக வாங்குவதே அறிவுடைமை. உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியோருக்குக் குளிரைவிடப் பெரிய ஆபத்து.

செலவிலும் சிக்கனம் இயலும். உள்ளாடை, கம்பளிச் சட்டை, காலுறை ஆகியவற்றை இங்கேயே வாங்கலாம். மேலங்கியையும் காலணியையும் அங்கு சென்று வாங்குவதே சிறந்தது. அந்தக் குளிரை அறிந்தவர்கள் அதற்கென்றே விற்பவை அவை. மாணவர்கள் அங்குள்ள பழைய துணிக் கடைகளைத் தயங்காமல் நாடலாம். ஒரு மாதம் தங்கும் பெற்றோர், பிள்ளைகளிடம் உள்ள கூடுதல் மேலங்கியை அணிந்துகொண்டால் போதும். விமான நிலையத்துக்கே அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

வயது ஏற ஏறக் குளிரை உணரும் திறனும், நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறனும் குறைகின்றன. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு விரல் உறைவதுகூடத் தெரியாமல் போகலாம். இதய நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். அடங்காத நடுக்கமும், பேச்சுக் குழறலும், தள்ளாட்டமும் உடல் தரும் எச்சரிக்கைகள். உடனே கதகதப்பான இடத்துக்குச் சென்று ஈர ஆடையை மாற்ற வேண்டும். வெளிறி மரத்துப்போன தோலைத் தேய்க்கக் கூடாது.

பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் காணச் செல்லும் பயணம் மருத்துவமனையில் முடிந்துவிடக் கூடாது. அடுத்த முறை கடைக்குச் செல்பவர்கள், எது கனமானது என்று கேட்பதற்கு முன் எது உலர்ந்திருக்கும் என்று கேட்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).