ஆயில் கூலர் மாட்டும் முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

சிவகங்கை மாவட்டத்துக் கொத்தமங்கலத்திலிருந்து கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் டீசல் பிக்கப்பும் மினி லாரியும் பின்னால் எதையாவது கட்டி இழுத்துக்கொண்டுதான் போகின்றன. கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர், பழைய செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கிற இடத்துக்குக் கலவை மெஷின், வழியில் நின்றுபோன யாரோ ஒருவரின் கார். சித்திரை வெயிலில் பாரம் இழுத்தால் என்ஜின் சூடேறத்தான் செய்யும். பட்டறையில் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: "வெளியில ஒரு ஆயில் கூலர் மாட்டிருவோம்ணே, சரியாயிரும்." அரை நாளில் வேலை முடிகிறது. பில் கிடையாது. என்ன பாகம் போட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பதும் கிடையாது. சில மாதம் கழித்து ஹோஸ் பிய்த்துக்கொண்டு, ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டி, என்ஜின் ஜாம் ஆன பிறகுதான் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். கையில் இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும். அதற்குள் என்ஜினையும் பிரித்துப் போட்டிருப்பார்கள். இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆயில் கூலர் கெட்ட சாமான் இல்லை. பாரம் இழுக்கிற டீசல் என்ஜினில் ஆயில் சூட்டைக் குறைத்தால் பேரிங்குக்கும் டர்போவுக்கும் நல்லதுதான். என்ஜின் ஆயில் பொதுவாக 90 முதல் 110 டிகிரி வரை சூட்டில் நிம்மதியாக வேலை செய்யும். 130-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சீக்கிரம் கெட்டுப்போகும். டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் காட்டுவது கூலண்ட் சூட்டை. ஆயில் சூட்டை அல்ல. ஆக, முள் ஏறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை. இப்போது வரும் பல டீசல் என்ஜின்களில் கம்பெனியே ஒரு ஆயில் கூலரை ஃபில்டரை ஒட்டி வைத்துத்தான் அனுப்புகிறது. அதில் ஆயிலைக் குளிர்விப்பது கூலண்ட்தான். கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றி உள்ளே உப்புப் படிய விட்டிருந்தால், ஃபேன் கிளட்ச் தளர்ந்திருந்தால், ரேடியேட்டர் முகப்பில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால், அந்தக் கூலரும் வேலை செய்யாது. இதைச் சரிசெய்யாமல் வெளியே இன்னொன்றை மாட்டுவது வீண் செலவு. ரேடியேட்டருக்கு முன்னால் நெருக்கி மாட்டினால் காற்றையும் மறைத்து, இருந்த சூட்டை இன்னும் கூட்டும்.

மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, என்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் என்ற வட்டத் தகட்டை வைத்து, அதிலிருந்து இரண்டு ஹோஸை முன்பக்கம் கொண்டுபோய்க் கூலரில் சேர்ப்பார்கள். பெரும்பாலான தவறு இந்த இரண்டு ஹோஸில்தான். தண்ணீர் ஹோஸையோ டீசல் ஹோஸையோ செருகி, ஸ்க்ரூ கிளிப்பால் முடுக்கி விட்டுவிடுகிறார்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் 5 பாரைத் தாண்டலாம். அந்த அழுத்தத்தை, அதுவும் சூடான ஆயிலில், கிளிப் போட்ட ஹோஸ் தாங்காது. ஆயிலுக்கென்றே செய்த, இரண்டு முனையிலும் கிரிம்ப் செய்த ஹைட்ராலிக் ஹோஸ்தான் போட வேண்டும். சேஸி விளிம்பில் அது உரசுகிற இடத்தில் ரப்பர் காப்பு வேண்டும். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்தில் ஹோஸ் போகவே கூடாது. கசிந்த ஆயில் அங்கே பட்டால் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டாகக் கேட்டு வாங்குங்கள். அது சூடேறிய பிறகே ஆயிலைக் கூலருக்கு அனுப்பும். மாட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு, அணைத்து, டிப்ஸ்டிக் பார்த்து ஆயில் ஊற்ற வேண்டும். கூலரும் ஹோஸும் குடித்த ஆயில் அளவு குறைந்திருக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஜாம் ஆன என்ஜினின் கூலரை மட்டும் வாங்காதீர்கள். அதன் நுண்குழாய்களில் ஒட்டிய இரும்புத் தூளை எந்தப் பட்டறையிலும் முழுசாகக் கழுவ முடியாது. அது நேராக உங்கள் பேரிங்குக்குள் வரும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆயில் கூலர் என்ற பெயரே ஆர்.சி.யில் வராது. அதனால் ஒழுங்காக மாட்டிய கூலர் மட்டும் 52-ஆம் பிரிவில் சிக்குவது அரிது. ஆனால் கூலருக்கு இடம் வேண்டும் என்று முன் பம்பரை வெட்டி, சேஸியில் துளை போட்டு, கொக்கி வெல்டிங் வைத்து, கூடவே என்ஜின் பவரையும் ஏற்றிவிட்டால் கதை வேறு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, பாகங்களைப் புதிதாகப் பொருத்துவதையும் சேர்த்தே சொல்கிறது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சந்தேகம் இருந்தால் காரைக்குடிப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க, போட்டுக்கங்க" என்று கவுண்டரில் ஒருவர் சொல்வார், அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) சமயத்தில் வேறொருவர் வண்டியைத் திருப்பி அனுப்புவார். முதலில் சொன்னவரை அப்போது தேடவும் முடியாது. ஒரு பக்க மனு எழுதுங்கள்: வண்டி எண், என்ன பாகம், எங்கே பொருத்தப் போகிறீர்கள், சேஸியில் துளையோ வெல்டிங்கோ உண்டா, இதற்கு அனுமதி தேவையா. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஒப்புகையோடு விரைவுத் தபால் என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்னொரு மனு. அதில் "அனுமதி தேவையா" என்று கருத்துக் கேட்காதீர்கள், தள்ளிவிடுவார்கள். "இன்ன தேதியில் கொடுத்த என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கையின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் பதிவுசெய்யலாம், ஆனால் மனுவின் சீல் இட்ட நகல் கையில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் கோட்டை விடுவது இன்சூரன்ஸில். பாலிசி என்று எல்லோரும் பைக்குள் வைத்திருப்பது முதல் பக்கம் மட்டும். அதே தாளில் சின்ன எழுத்தில் 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பாலிசியில் அந்தப் பத்தி சொல்வது இது: டிரெய்லர் இழுக்கும்போது பாதுகாப்பு இல்லை, பழுதாகி நின்ற ஒரு வண்டியை, அதுவும் கூலி வாங்காமல், இழுத்தால் மட்டும் விலக்கு. திரும்பப் படியுங்கள். ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் பிக்கப்புக்கு, அந்த டிரெய்லரைப் பாலிசியில் சேர்க்காமல் விட்டிருந்தால், ஆயில் கூலர் கேள்வி வருவதற்கு முன்பே கம்பெனிக்கு மறுக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கார் இழுக்கிறவர்கள் ஆர்.சி.யில் வண்டி ரெக்கவரி வகையாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்க வேண்டும்.

என்ஜின் விஷயத்துக்கு வருவோம். சாதாரண பாலிசி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் தராது. ஹோஸ் தானாகப் பிய்ந்து என்ஜின் போனால் அது உங்கள் செலவு. விபத்தில் கல் தட்டிக் கூலர் உடைந்தால் அது விபத்து, அதைக் கேட்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் ஆயில் லைட் எரிய எரிய "பட்டறை பக்கத்துலதான்" என்று ஓட்டி வந்து என்ஜின் ஜாம் ஆனால், அந்தக் கூடுதல் சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. ஆயில் லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே அணையுங்கள். பட்டறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் அணையுங்கள். பேரிங் போக ஒரு நிமிஷம் போதும். என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு உங்கள் வண்டிக்குக் கிடைக்குமா என்று புதுப்பிக்கும்போது கேளுங்கள். கிடைத்தாலும் வெளியே மாட்டிய பாகத்துக்கு அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கூலர் மாட்டிய வாரத்திலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: "பாலிசி எண் இன்னது. என் வண்டியில் இன்ன தேதியில் வெளி ஆயில் கூலர் பொருத்தியுள்ளேன். பில்லும் படமும் இணைத்துள்ளேன். என்டார்ஸ்மென்ட் தேவையெனில் தெரிவிக்கவும்." ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன் என்பது செல்லாது. ஏஜென்ட் மறந்துவிடுவார், நாளைக்கு அவர் வேறு தொழிலுக்கும் போயிருப்பார். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் மாட்டுவதற்கு முன்பே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். பதில் வராமல் ஸ்பேனரைத் தொடவே விடாதீர்கள்.

பட்டறையில் வாங்க வேண்டியது ஜி.எஸ்.டி. பில். ஜி.எஸ்.டி. இல்லாத சின்னப் பட்டறை என்றால் லெட்டர்பேடில் தேதி, கிலோமீட்டர், வண்டி எண், பாகத்தின் பெயர், புதுசா பழசா, கையெழுத்து. "நம்ம தம்பிதானே" என்று விடுகிறவர்கள்தான் பின்னால் அந்தத் தம்பியோடு பேச்சே இல்லாமல் போகிறார்கள். எழுத்து இருந்தால் உறவும் மிஞ்சும்.

சேதம் வந்துவிட்டதா? என்ஜினைப் பிரிக்காதீர்கள். பட்டறைக்காரர் அவசரப்படுத்துவார், லோடு நிற்கிறது என்று நீங்களே அவசரப்படுவீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் பார்க்கும் முன் பிரித்த என்ஜின் சாட்சியாகாது. பிய்ந்த ஹோஸ், கிளிப், சாண்ட்விச் பிளேட், ஓ-ரிங், ஃபில்டர் எல்லாவற்றையும் வண்டியில் இருக்கும் நிலையிலேயே படமெடுங்கள். கழற்ற நேர்ந்தால் தனிப் பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் விடாதீர்கள். கொஞ்சம் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து மூடிவையுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். மறுப்பு என்றால் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுசாகக் கைவிரிக்க முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி முழுசாக மறுக்க முடியாது என்று சொன்னதை உங்கள் பதிலில் குறிப்பிடுங்கள்.

கம்பெனி மறுத்தால், அல்லது புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டால், சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலை 453, ஃபாத்திமா அக்தர் கோர்ட்டில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர், தனியொருவர் நடத்தும் தொழில், நுண் தொழில் ஆகியோரின் பாலிசிகள் அங்கே ஏற்கப்படும். 50 லட்சம் ரூபாய் வரை, கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எங்கே போவது என்று முதலிலேயே முடிவெடுங்கள்.

பட்டறை மேலும் பாகம் விற்ற கடை மேலும் புகார் என்றால் இடம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பட்டறை திருச்சியில் இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். லாரிக்காரர்களின் மனு அடிபடும் இடம் ஒன்று உண்டு: "இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாகவே வைக்கும். அதனால் மனுவின் முதல் பத்தியிலேயே "இந்த வண்டியை என் வாழ்வாதாரத்துக்காக, சுயதொழிலாக, நானே ஓட்டி நடத்துகிறேன்" என்று எழுதுங்கள். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில், இப்படி ஓட்டுகிறவர் நுகர்வோரே என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழுது யார் தவறு என்று சண்டை வந்தால், பாகத்தைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே மனுப் போடலாம். அதற்குத்தான் பிய்ந்த ஹோஸைப் பையில் போட்டு வைக்கச் சொன்னது.

நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இரண்டு ஆண்டுதான் கெடு. பட்டறைக்காரர் "அடுத்த மாசம் பாத்துத் தர்றேன்" என்று தள்ளிக்கொண்டே போவது இந்தக் கெடுவைக் கடத்துவதில் போய் முடியும். வாய்ப்பேச்சு கெடுவை நீட்டிக்காது. பட்டறைக்கு முதல் நோட்டீஸை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். எழுதத் தெரியாது, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் பேசும்போது பாலிசி எண், வண்டி எண், கூலர் மாட்டிய தேதி, சேதமான தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பேசி முடித்ததும் அவர்கள் தரும் புகார் எண்ணை அதே தாளில் குறியுங்கள்.